ஆணியில் நின்ற தளம்

செப்டம்பர் 8, திங்கள்

மறைவிடங்களையும் காண்கிற ஆண்டவரே, தேவரீரின் கண்ணின் சிறுபொறியை இக்கிழவனின் கண்ணுக்கும் ஈந்தருளும்.

விற்பனைக்கு வரும் வீடுகளைச் சோதித்துக் குறை சொல்லும் வீட்டு ஆய்வாளர் தேர்வை இரண்டாம் முறை எழுதித் தேறினேன். வயது அறுபத்தெட்டு. முழங்கால்கள் தச்சுவேலையைக் கைவிட்டன; இனி பிழைப்பு இதுவே. உரிமம் கிடைக்க, அனுபவமுள்ள ஆய்வாளரோடு பத்து வீடுகளைப் பார்த்து, தனியே அறிக்கை எழுதி, அவர் ஒப்பம் பெறவேண்டும். இவ்வட்டாரத்தில் அத்தகையவர் லாயிட் ஒருவரே. என் வயதில் பாதி.

"ஜெபம் பண்ணிட்டு உள்ள வாங்க பெரியவரே. ஆனா கண்ண மூடிக்கிட்டு வீட்டப் பாக்காதீங்க" என்றார்.

என் மனைவி லெனோரா உயிரோடிருந்தால் இதைக் கேட்டு நகைத்திருப்பாள்.

செப்டம்பர் 24

ஒன்பது வீடுகள் முடிந்தன.

அக்டோபர் 2, வியாழன்

பத்தாவது வீடு சிஸ்டர் கொர்னேலியாவினுடையது. எங்கள் சபையார், கணவரை இழந்தவர். பனி விழுமுன் வீட்டை விற்றுக் கொலம்பஸ் நகரிலுள்ள மகளிடம் போகவேண்டும்.

அதன் பின்சுவரை ஒட்டித் தரைக்கு மேலே நிற்கும் திறந்த மரத்தளத்தை இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் கட்டியவன் நானே. லாயிடிடம் முன்னரே சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? பெருமையா?

அடியில் ஊர்ந்து டார்ச் அடித்தேன். தளத்தைச் சுவரோடு பிணைக்கும் பலகையில் போல்ட்டு ஒன்றுமில்லை. ஆணிகள் மட்டும், துருவேறியவை. பலகை சுவரைவிட்டு ஒரு விரல் விலகியிருந்தது.

அருகே பென்சில் எழுத்து. கட்டிய ஒவ்வொரு வீட்டிலும், யார் கண்ணும் படாத மரத்தில் ஓர் ஆசி எழுதிவைப்பது என் வழக்கம். 'இவ்வீட்டார் நிற்கையிலும் நடக்கையிலும் கர்த்தர் காப்பாராக — எ. டில்லரி.'

ஆண்டவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டு வெறும் ஆணி அடித்திருக்கிறேன்.

அறிக்கையில், 'இத்தளத்தில் ஏறலாகாது' என்றெழுதினேன். கட்டியவன் பெயரையும் எழுதினேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் கொர்னேலியா வாசலில் மறித்தார்.

"வாங்குறவங்க மாசக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பாங்களாம். எந்தத் தச்சனக் கேட்டாலும் பனி முடிஞ்சு வர்றேங்கிறான். ஏன் பிரதர், கட்டினதும் நீங்க, கவுத்ததும் நீங்களா? ஒவ்வொரு ஈஸ்டருக்கும் எங்க குடும்பம் மொத்தமும் அதுல நின்னுதானே போட்டோ எடுத்தோம்!"

அந்தப் போட்டோக்களில் கைக்குழந்தைகளும் இருந்தன.

அக்டோபர் 6

நானே சரிசெய்கிறேன் என்று லாயிடிடம் சொன்னேன்.

"நாம ஆய்வு பண்ணின வீட்டுல நாமளே கை வைக்கக் கூடாது. தெரியாதா உங்களுக்கு? சுத்தியலத் தொட்டீங்கன்னா என் கையெழுத்து கிடையாது." பிறகு தணிந்து, "பத்துலயும் இதான் உங்க நல்ல அறிக்கை. எவன் தன் பேரத் தானே எழுதுவான்?"

விதி நேர்மையானது. குறை சொல்கிறவனே அதைத் திருத்திக் கூலியும் பெற்றால், இல்லாத குறையெல்லாம் முளைக்கும். தேர்வில் நானே எழுதிய விடை அது.

ஆனா வேற எவனும் வரமாட்டேங்கிறானே — நான் என்னதான் பண்றது?

அக்டோபர் 7

ஜெபித்தேன். விடை வரவில்லை. கருவிப் பெட்டியைத் துடைத்து வைத்தேன்.

அக்டோபர் 18, சனி

பதினெட்டு போல்ட்டுகள். மூன்று நாள். முழங்கால்கள் வீங்கிவிட்டன. கூலி வாங்கவில்லை; ஆயினும் விதி விதியே.

கொர்னேலியா மதியந்தோறும் படிக்கட்டில் பீன்ஸ் சூப்பும் சோளரொட்டியும் மூடிவைத்துப் போனார்.

மாலையில் லாயிட் மறு ஆய்வுக்கு வந்தார். அடியில் ஊர்ந்து, ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிப் பார்த்தார். வெளியே வந்து, ஒப்பமில்லாத என் படிவத்தை நீட்டினார்.

"இப்படிப் பண்ணிட்டீங்களே பெரியவரே."

"சுவரோட ஒட்டியிருக்கா?"

"ஒட்டியிருக்கு."

அக்டோபர் 31, வெள்ளி

கொர்னேலியாவின் சாமான் லாரி காலையில் போயிற்று. விடைபெற வரவில்லை.

அந்தப் பழைய பென்சில் வரியை நான் அழிக்கவில்லை. அதன்கீழ்ப் போல்ட்டு இறுக்கிய தேதியை மட்டும் எழுதிவிட்டு வந்தேன்.

இதை என்றேனும் வாசிப்பவரே, உம் காலடிப் பலகை உம்மையும் உம் வீட்டாரையும் தாங்குவதாக. உம் கண் காணாத மரமும் உமக்கு உண்மையாயிருப்பதாக. ஆமென்.