மடித்த மூலை

மார்ச் 4, செவ்வாய்

கதவின் உள்பக்கக் கைப்பிடி கழன்று இன்றோடு ஐந்து மாதம். மனு கொடுத்தாயிற்று, நினைவூட்டலும் கொடுத்தாயிற்று. ஒரு கரண்டிக் காம்பை ஓட்டைக்குள் விட்டுத் திருகினால்தான் வெளியே வர முடியும். இன்று கரண்டி வெளியே இருந்தது, நான் உள்ளே. யாரோ வந்து தட்டும்வரை நாற்பது நிமிடம். படிக்கட்டுக்கு அடியில் உள்ள அறை இது. முன்பு ஸ்ட்ரெச்சர் நிறுத்துவார்களாம். இப்போது என்னை நிறுத்தியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 10-இல் ஒப்பந்தம் முடிகிறது. பதினொரு மாதம் வேலை, ஒரு நாள் வீட்டில், மறுநாள் புதிதாகச் சேர்ந்ததுபோல் மறுபடியும். ஒன்பது வருடமாக நான் புதிதாகவே சேர்ந்துகொண்டிருக்கிறேன். நிரந்தரம் செய்வதற்கான கோப்பு இந்த முறை கண்காணிப்பாளர் மேசை வரைக்கும் போயிருக்கிறதாம். எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்பார். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு அதுதான் பெயர்: 'ஆகட்டும்'.

மார்ச் 6, வியாழன்

பதினொன்றாம் படுக்கைக்குப் புது நோயாளி. சிறுநீரில் கிருமி, நல்ல காய்ச்சல். மோட்டார் பழுது பார்க்கிறவர், ஐம்பத்திரண்டு வயது. வீட்டில் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார், எது ஒத்துக்கொள்ளாது, கண் தெரிகிறதா, காது கேட்கிறதா என்று என் படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தேன். மனிதர் என்னைப் பார்க்கவேயில்லை. மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இதுக்கு பேரிங் போயிடுச்சு. இன்னும் ரெண்டு மாசம் தாங்கும், அதுக்கு மேல தாங்காது."

"எப்படிச் சொல்றீங்க?"

"அதுதான் கத்துதே, உங்களுக்குக் கேக்கலையா?"

சிரித்துவிட்டேன். 'செவித்திறன்: நன்று' என்று எழுதி, கீழே 'பிற குறிப்புகள்' என்ற இடத்தில் 'மின்விசிறியின் பேரிங் பழுதைச் சத்தம் கேட்டே சொல்கிறார்' என்றும் எழுதிவைத்தேன். ஒன்பது வருடத்தில் அந்த இடத்தில் நான் எழுதிய ஒரே சுவாரசியமான வரி அதுதான்.

மகள் இன்று கேட்டாள். "நீ மருந்து குடுக்கிறவளா?" இல்லடி, டாக்டர் எழுதின மருந்து இந்த ஆளுக்குச் சரியா என்று பார்க்கிறவள். "அப்போ டாக்டருக்கே டீச்சரா?" இதை வெளியே எங்கும் சொல்லிவிடாதே என்றேன்.

மார்ச் 8, சனி

பதினொன்றுக்கு ரத்த முடிவு வந்தது. சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது. கிருமிக்குப் போடும் அமிகாசின் ஊசி தினமும் முழு அளவில் போகிறது. கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் ஊசி வேறு. இரண்டும் சேர்ந்தால் காதைத் தின்றுவிடும்.

பதினொன்றைப் பார்க்கும் சின்ன டாக்டர் அவசரப் பிரிவில் இருந்தார். சீட்டு எழுதினேன்: 'அமிகாசினை நிறுத்தி வேறு ஊசிக்கு மாற்றலாம். காது கவனம்.' நோயாளியின் கோப்பில் நான் பேனா வைக்கக் கூடாது, அது டாக்டர்களின் கோப்பு. எனக்கு மஞ்சள் சீட்டு. கிளிப்பில் செருகிவிட்டு வர வேண்டும். டாக்டர் படித்ததும் சீட்டின் மூலையை மடிப்பார். மடித்ததை நான் உருவிக்கொள்வேன். யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியவில்லை, எந்தச் சுற்றறிக்கையிலும் கிடையாது.

மார்ச் 10, திங்கள்

ஒரே ஓட்டம். நேற்று விடுமுறை என்பதால் இரண்டு வார்டு சீட்டுகளும் சேர்ந்துகிடந்தன. பதினொன்றில் மூலை மடித்திருந்தது. உருவினேன். பின்பக்கம் வழக்கம்போல எடுத்த தேதி போட்டேன்.

மார்ச் 13, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

பதினொன்றாம் படுக்கைக்காரரிடம் "காய்ச்சல் விட்டுச்சா அண்ணா?" என்றேன். என் வாயையே பார்த்தார். மறுபடி கேட்டேன். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா, "நேத்து சாயங்காலத்துலேர்ந்து இப்படித்தான் மேடம். கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறார்" என்றார்.

கோப்பைப் பிரித்தேன். ஊசி தினமும் போயிருக்கிறது. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. இன்று காலையிலும். முழு அளவு.

ஓடிப்போய் சின்ன டாக்டரிடம் காட்டினேன். முகம் வெளுத்துப்போயிற்று. "எனக்கு எந்தச் சீட்டும் வரலையே!" அப்போதே ஊசியை நிறுத்தினார்.

அப்படியானால் மூலையை யார் மடித்தது?

மார்ச் 14, வெள்ளி

தலைமை சிஸ்டர்தான். எதையும் மறைக்காமல் சொன்னாள். "கிளிப்புக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. தள்ளுவண்டில மாட்டிக் கிழிஞ்சிடுமேன்னு மடிச்சு உள்ள தள்ளினேன். ஏன், என்ன ஆச்சு?"

கிழியக் கூடாது என்று மடித்தாளாம். அவளை என்ன சொல்ல? அவளுக்கு இந்த வழக்கமே தெரியாது. அவளிடம் யாரும் சொன்னதில்லை. நான் சொன்னேனா?

பத்தாம் தேதி, சீட்டை உருவினேனே, அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்க்க எத்தனை நொடி ஆகியிருக்கும்? இரண்டு? மூன்று? அன்று பார்த்திருந்தால் மூன்று ஊசி மிச்சமாகியிருக்கும். மடிச்சிருக்கு, முடிஞ்சுது, அடுத்தது. இப்படித்தானே வேலை பார்த்தே? பெரிய டீச்சர்.

மார்ச் 17, திங்கள்

காது பிரிவில் சோதித்தார்கள். இரண்டு பக்கமும் போய்விட்டது. திரும்ப வராது.

மார்ச் 19, புதன்

ஆகட்டும் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டினார். ஒன்பது வருடத்தில் முதல் முறை.

நோயாளியின் மனைவி புகார் கொடுத்திருக்கிறார். ஏப்ரல் 3 விசாரணை. வெளியிலிருந்து ஒரு அதிகாரி வருகிறாராம். கண்காணிப்பாளர் மேசையில் நான் ஆறாம் தேதி எழுதிய படிவமும், பக்கத்திலேயே ஒரு வெற்றுப் படிவமும் இருந்தன.

"அந்த ஆளு முப்பது வருஷமா மோட்டார் சத்தத்துல வேலை பார்த்தவரும்மா. வரும்போதே காது மந்தமா இருந்திருக்கும். நீங்க அவசரத்துல கவனிச்சிருக்க மாட்டீங்க. புதுசா ஒண்ணு எழுதிடுங்க. இதைக் கிழிச்சுடுங்க."

"சார், நான் எட்டாம் தேதியே சீட்டு வச்சேன்."

"சீட்டு எங்கே?"

"எங்கிட்டதான் இருக்கு."

"என்னைக்கு எடுத்தீங்க?"

பத்தாம் தேதி என்றேன். மீதியை அவரே சொன்னார். "அதைக் காட்டினா, பத்தாம் தேதி நீங்களே எடுத்துட்டு மூணு நாள் திரும்பிப் பார்க்கலைன்னு ஆகும். சின்ன டாக்டருக்கு மேல்படிப்பு, வாழ்க்கை எல்லாம் இருக்கு. உங்களுக்கு இது இருக்கு." கோப்பு ஒன்றை விரலால் தட்டினார். நிரந்தரக் கோப்பு. என் பெயர் முதல் பக்கத்திலேயே.

"யோசிச்சு எழுதுங்க. அவசரம் இல்ல." இரண்டு படிவத்தையும் என் பக்கம் தள்ளினார்.

ஆகட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதற்கு மட்டும் மனிதர் சுறுசுறுப்பு.

மார்ச் 21, வெள்ளி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "பதினொரு மாசத்துக்கு ஒரு தடவை உனக்கு உசுரு போய் உசுரு வருது. அதைப் பார்க்கிற எனக்கும்தான்" என்றார். எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பழியை அவர் மேல் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். கெட்டிக்காரர்.

மார்ச் 22, சனி

பதினொன்றாம் படுக்கைக்காரரின் மனைவி படிக்கட்டு அறைக்கே வந்துவிட்டார். நான் உட்காரச் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை, நின்றபடியே பேசினார்.

"யார் மேலயும் கோபம் இல்ல மேடம். உள்ள வரும்போது நல்லா கேட்டுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அது இருந்தாத்தான் காது மிஷின், வைத்தியம் எல்லாம் இங்கயே பார்ப்பாங்களாம். இல்லன்னா முன்னாடியே போனதுன்னு கையக் கழுவிடுவாங்க. நீங்கதானே அன்னைக்கு அவர்கூட சிரிச்சுப் பேசினீங்க."

பார்க்கலாம் என்றேன். யாருடைய வார்த்தை அது! எப்போது என் வாய்க்கு வந்தது?

அவர் போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். கரண்டி இருந்தது. ஆனாலும் எழுந்து திறக்கத் தோன்றவில்லை.

மார்ச் 24, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். 'செவித்திறன்: மந்தம்.' பிற குறிப்புகள்: இல்லை.

மார்ச் 25

பழைய படிவத்தைக் கிழிக்கவில்லை. சீட்டுப் பெட்டியில் கிடக்கிறது. ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்டால் தெரியாது. மேலும் கீழும் பார்த்து நடக்கிறேன், ஆளைப் பார்த்து நடக்க முடியவில்லை.

மார்ச் 28, வெள்ளி

நிரந்தரக் கோப்பில் கையெழுத்தாகிவிட்டதாம். ஏப்ரல் முதல் வாரம் உத்தரவு. கணக்கர் வாழ்த்தினார். வீட்டுக்காரர் முகத்தில் ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஒரு தெளிவு. மகள் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். நானும் குதித்தேன். என்ன செய்ய?

ஏப்ரல் 1, செவ்வாய்

மோட்டார்க்காரர் மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். மனைவி ஏதோ சீட்டு வாங்கப் போயிருக்க, பழைய ஞாபகத்தில் வார்டுக்குள் வந்து பதினொன்றாம் படுக்கைப் பக்கம் நின்றார். நான் அங்கேதான் இருந்தேன். ஓட வழியில்லை.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அண்ணாந்து பார்த்தார். வார்டே திரும்பும்படி உரக்கச் சொன்னார்:

"அட, ஃபேன சரி பண்ணிட்டீங்களே தங்கச்சி!"

ஃபேன் கத்திக்கொண்டிருந்தது. கல்லை அரைக்கிற மாதிரி, என்றைக்கும் இல்லாத கத்தல். பக்கத்துப் படுக்கைக் கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். மோட்டார்க்காரர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

அறைக்கு வந்து அழுதேன். சத்தம் போட்டே அழுதேன்.

ஏப்ரல் 2, புதன்

வீட்டுக்காரரிடம் ஃபேன் கதையைச் சொன்னேன். சாப்பிடுகிற கை நின்றது. "அந்தப் பழைய பேப்பரை இன்னும் வச்சிருக்கியா?" என்றார். இருக்கு என்றேன். "நாளைக்கு மறக்காம எடுத்துக்கிட்டுப் போ." அவ்வளவுதான். மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

கொடுத்துவிட்டேன். பழைய படிவம், மஞ்சள் சீட்டு இரண்டையும் விசாரணை அதிகாரியிடம். இரண்டாவது படிவம் நான் பொய்யாக எழுதியது என்றேன். சீட்டின் பின்பக்கத் தேதியையும் நானே காட்டினேன். எடுத்தேன், பக்கத்தைப் புரட்டவில்லை, மூன்று ஊசி என் கணக்கு என்றேன். அதிகாரி அதை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார்.

பழைய படிவத்தில் 'பிற குறிப்புகள்' வந்தபோது அதிகாரி நிறுத்தி, "மின்விசிறியா?" என்று கேட்டார். வாங்க, வந்து கேளுங்க என்று வார்டுக்கு அழைத்துப்போனேன். பதினொன்றாம் படுக்கைக்குக் கீழே நின்று இரண்டு நிமிடம் கேட்டார். பிறகு எழுதிக்கொண்டார்.

ஆகட்டும் என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மா பார்த்தார். நன்றி சொல்லவில்லை. மூன்று ஊசியைப் பற்றி இப்போதுதானே அவருக்குத் தெரியும்?

ஏப்ரல் 10, வியாழன்

கடைசி நாள். சின்ன டாக்டருக்கு எச்சரிக்கைக் கடிதம், சிஸ்டருக்கு ஏச்சு. எனக்கு எதுவும் இல்லை. உத்தரவும் இல்லை. கரண்டியைக் கதவுக்கு வெளியே ஒரு ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். பிறகு, அடுத்து வருகிறவள் உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியே இருக்கிற கரண்டி எதற்கு என்று தோன்றியது. பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பிப் போய் உள்பக்கம் மாட்டினேன்.

ஏப்ரல் 12, சனி

புதிதாகச் சேர வேண்டிய நாள். யாரும் கூப்பிடவில்லை.

மே 6, செவ்வாய்

மருந்துக்கடையில் நின்றுகொண்டே வேலை. குதிகால் வலி. யாரும் எதையும் கேட்பதில்லை, சீட்டை நீட்டுகிறார்கள், எடுத்துக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் இரண்டு வாரமாக என்னிடம் அளந்துதான் பேசுகிறார். போகச் சொன்னவர்தான். ஆனாலும்.

வீட்டுத் தண்ணீர் மோட்டார் மூன்று நாளாக இழுக்கவில்லை. வேறு கடை இல்லாமல் இல்லை. ஆனாலும் மோட்டார்க்காரர் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

காதில் மிஷின் போட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்ததாம். பேச்சுக்குக் கொஞ்சம் உதவுகிறது, மோட்டாருக்கு உதவாது என்றார் அவர் மனைவி. எனக்கு முக்காலி போடவில்லை. நின்றேன்.

மோட்டாரை ஓட விட்டார்கள். அந்த அம்மா அதன் மேல் காதை வைத்துக் கேட்டார். பிறகு கணவரின் முன்கையைப் பிடித்து, விரல்களால் தட்டிக் காட்டினார். இரண்டு தட்டு, ஒரு இழுப்பு. இரண்டு தட்டு, ஒரு இழுப்பு. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் ஒரு தடவ."

தட்டினார்.

"பேரிங் நல்லா இருக்கு தங்கச்சி. உள்ள இறக்கை உரசுது."

பையில் பழைய மஞ்சள் சீட்டுக் கட்டு கிடந்தது. ஒன்றைக் கிழித்து, 'வெள்ளிக்கிழமை வருகிறேன். மேல்தொட்டிக்குப் போகும் மோட்டார். கீழ்த்தொட்டியில் தண்ணீர் இல்லாமல் ஓட விட்டுவிட்டோம், அதையும் பாருங்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். மோட்டார்க்காரர் வாங்கி ஒரு பார்வை பார்த்தார். மோட்டாரின் மூடியில் செருகுவதற்காக மூலையை மடித்தார்.

அவர் கையைப் பிடித்துவிட்டேன். அவர் திடுக்கிட்டார்.

"என்ன எழுதியிருக்கு, வாசிங்க அண்ணா" என்று வாயை அசைத்துக் காட்டினேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் முக்காலியை எடுத்துவந்து போட்டார்.

மோட்டார்க்காரர் சீட்டை விரித்து, தெருவுக்கே கேட்கும்படி கடைசி வரி வரைக்கும் வாசித்தார். வாசித்து முடித்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.