விரும்பும் காலம் வரை

ஆகஸ்ட் 4
மகள் றுஸ்னாவை மாதாந்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ விடுதி இன்னும் பூட்டுத்தான். இருந்த மருத்துவிச்சியை இடம் மாற்றினார்கள்; பதிலுக்கு ஆள் வரவில்லை. மகளுக்கு இது எட்டாம் மாதம். ஆஸ்பத்திரி மாகாண சபைக்குக் கீழே. மாகாண சபைக்குத் தேர்தல் நடந்து எத்தனையோ வருடம். போய்க் கேட்க ஒரு உறுப்பினர் இல்லை. எல்லாம் ஆளுநர் கையில். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை அவரைப் பார்க்கத் திருகோணமலைக்குப் போகிறது. என் கணவர், றுஸ்னாவின் வாப்பாவும், அந்தச் சபையில் ஒருவர்.

ஆகஸ்ட் 9
போய் வந்தார்கள். பொன்னாடை போர்த்தினார்களாம். படம் எடுத்தார்களாம்.
"விடுதிக் கதையக் கேட்டீங்களா?" என்றேன் றுஸ்னாவின் வாப்பாவிடம்.
"மனிசன் நல்லாச் சிரிச்சிக் கதைச்சாரு புள்ள. சால்வையப் போத்திப்போட்டு எப்பிடி உடனே குறை சொல்ற?"
உள்ளேயிருந்து றுஸ்னா, "அந்தச் சால்வைய எனக்குத் தந்திருந்தா புள்ளையச் சுத்தவாவது உதவியிருக்கும் வாப்பா" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 10
மகளின் போனில் அரசியலமைப்பைத் தமிழில் தேடி வாசித்தேன். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. பதவியில் இருப்பதும் ஜனாதிபதி விரும்பும் காலம் வரை. நாங்கள் விரும்பும் காலம் என்று எங்கேயும் இல்லை. பள்ளிவாசல் சபை பிழை விட்டால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாசலில் மறித்துக் கேட்கிறோம். பதவி அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். மறுமையில் அல்லாஹ் கேட்பான், சரி. அதுவரைக்கும் ஆர் கேக்கிற?

ஆகஸ்ட் 21
கல்முனையில் ஆளுநர் நேரில் வந்து குறை கேட்கும் நடமாடும் சேவை. நானும் மகளும் போனோம். வரிசையைப் பார்த்துக்கொண்ட உத்தியோகத்தர், "முதல்ல சேருக்கு நன்றி சொல்லித் தொடங்குங்கம்மா" என்றார்.
"நன்றி சொல்ல இன்னும் ஒண்டும் நடக்கல்லையே தம்பி."
பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பூட்டிய விடுதியைப் பற்றிச் சொன்னேன். ஆளுநர் மகளின் வயிற்றைப் பார்த்தார். "கவனிக்கிறேன்."
"எப்ப சேர்?"
மாத முடிவுக்குள் விடுதி திறக்கும் என்று செயலாளரை எழுதச் சொன்னார்.

செப்டம்பர் 2
அல்ஹம்துலில்லாஹ், பேத்தி. வேறு ஊர் ஆஸ்பத்திரியில்தான். ஓட்டோவில் போகும் வழியிலேயே பனிக்குடம் உடைந்தது. யா அல்லாஹ், அந்த நேரம் — வேண்டாம், எழுதவில்லை.

செப்டம்பர் 8
வானொலியில் சொன்னார்கள், ஆளுநர் மாற்றமாம். விடுதி திறக்கவில்லை, சொன்ன வாக்கும் அவரோடு போயிற்று.
பக்கத்து வீட்டு சுபைறா, "உங்கட மகளுக்குத்தான் புள்ள கிடைச்சிட்டே, இனி என்னத்துக்கு அலைச்சல்?" என்றாள்.
"உன்ட மருமகளுக்கு இப்ப எத்தின மாசம்?"
விரல் மடித்து எண்ணிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

செப்டம்பர் 15
நாளை திருகோணமலை, புதிய ஆளுநரிடம். வேனில் முன் இருக்கையை எனக்கு விட்டிருக்கிறார் றுஸ்னாவின் வாப்பா.
"நீதான் கேக்கணும் புள்ள. அவர் சிரிச்சா நானும் சிரிச்சிருவன்."
விடியலில் சுபஹு தொழுததும் புறப்பாடு. சுபைறாவும் வருகிறாள்.