வீட்டுக்குத் தூரமாக்கா?

ஜூன் 9, திங்கள்

காற்று. புழுதி. மேகம் ஒன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

இதனால் சகலருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது: எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் நெடுங்காலம் பணியாற்றிய திருவாளர் ‘R’ எழுத்து அவர்கள், இன்று காலை ஒன்பது மணியளவில் காணாமல் போனார். வாழ்நாள் முழுதும் வலது பக்கமே நின்றவர். துணைவியார் ‘L’ மேசைமேல் தனியாகக் கிடக்கிறார். மலர்வளையம் தவிர்க்கவும்.

(அன்னார் என் சட்டைப்பையில் நலம்.)

படத்தில் எது வலது, எது இடது என்று காட்ட வைக்கும் ஈய எழுத்து அது. ஜெயந்தி அக்கா அரை மணி நேரம் தேடினார். அவர்தான் எங்களுக்கு வேலை பழக்கும் டெக்னீஷியன். கொடுத்ததும் காதைத் திருகினார். “ஏலே, இடது காலுக்குப் பதிலா வலது கால அறுத்துப்புட்டா, நீயா ஒட்டவைப்ப?”

முக்கியச் செய்தி: இன்று முதல் முன்மேசை முழுக்க என் பொறுப்பு. டிப்ளமோ இரண்டாம் வருடத்திலேயே! கூடப் படிக்கும் ரியாஸ் உள்ளே படுக்க வைக்க, நான் வெளியே கேள்வி கேட்க. மேசைக்கு மேல் சுவரில் ஒட்டியிருக்கும் ஐந்து கேள்விகள்:

1. பேர், வயசு. அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். நாம் சொல்லித் தலையாட்ட வைக்கக் கூடாது.
2. எந்த இடம், எந்தப் பக்கம்.
3. நகை, ஊக்கு, செல்போன்.
4. நிற்க முடியுமா, மயக்கம் வருமா.
5. பெண்கள் என்றால்: கடைசியாக மாதவிலக்கு எப்போது, கர்ப்பமா.

மாலை வரை ஒரு படிவத்தில் ஒரு கட்டம் காலி இல்லை. ஜெ. அக்காவே பார்த்துத் தலையை ஆட்டினார். வரிசையில் நின்றவர்களுக்கு வலி மறந்திருக்கும், அத்தனை சிரிப்பு. “ஊக்கு இருந்தா எடுத்துருங்க, ஊக்கம் இருந்தா வச்சுக்கங்க.” இது என்னுடையது. காப்புரிமை உண்டு.

இன்றைய சிறந்த படைப்பு: எரியோட்டுப் பக்கத்து அக்கா ஒருவர். பேர் பாண்டியம்மா. பூப் பறிக்கக் குனிந்து குனிந்து இடுப்பு வலி. இடுப்புப் படம். தனியாக வந்திருந்தார். சும்மா பேச்சுக் கொடுத்தேன்.

“வீட்டுக்குத் தூரமாக்கா?”

“தூரம் இல்ல தம்பி.” குரலை இறக்கி, “ரெண்டு மாசமா இல்ல.”

“அப்படிப் போடுங்க! ரெண்டு மாசத்துல எரியோட்டத் தூக்கிட்டு வந்து, இந்தா பக்கத்துல நாகல் நகர்ல வச்சுட்டாங்களா?”

வரிசையே சிரித்தது. அந்த அக்காவும் சிரித்தார். எந்த வார்த்தையைக் கொடுத்தாலும் இரண்டு அர்த்தம் எடுப்பவன் இந்த மாவட்டத்தில் ஒருத்தன்தான்.

ஜூன் 10, செவ்வாய்

வகுப்பில் ‘நோயாளி பாதுகாப்பு’ தேர்வு. சுலபம். பேனா மட்டும் நடுவில் செத்தது.

ரியாஸின் அப்பா தோல் கிடங்கில் வேலை பார்க்கிறார். ஈயக் கவசத்தைத் தூக்கிப் பார்த்து ரியாஸ் சொன்னது: “எங்க அத்தா பாத்தா, எந்த மாட்டுத் தோலுன்னு கேப்பாரு மாப்ள, இம்புட்டுக் கனம்.”

இரவு சாப்பாடு: அண்ணன் வைத்த ரசம். தொட்டுக்க வெஞ்சனம்: அப்பாவின் முறைப்பு.

ஜூன் 12, வியாழன்

வெயில். எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

பாண்டியம்மா அக்கா திரும்ப வந்தார். வீட்டுக்காரர், மாமியார் உடன். வாந்தி நிற்கவில்லை என்று மகப்பேறு பக்கம் காட்டி, எங்களுக்கு அடுத்த அறையில் ஸ்கேன். இரண்டு மாதம் தாண்டியிருக்கிறது. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து முதல் முறை.

வீட்டுக்காரர் கையில், மஞ்சள் பையில், திங்கட்கிழமை நாங்கள் எடுத்த இடுப்புப் படம்.

துறைப் பொறுப்பாளர் சார் அறைக்கு எல்லோரையும் கூப்பிட்டார். படிவத்தை எடுத்தார். ஐந்தாவது கட்டத்தில் ‘இல்லை’ என்று டிக். பக்கத்தில் என் கையெழுத்தின் சுருக்கம், வாலில் சுழி வைத்து.

“கேட்டியா?”

“கேட்டேன் சார்.”

“என்ன சொன்னாங்க?”

“இல்லன்னாங்க சார்.”

சார் அந்த அக்காவிடம் திரும்பினார். “ஏம்மா, இந்தப் பையன் கேட்டானா?”

தலையை ஆட்டினார்.

“நீங்க இல்லன்னு சொன்னீங்களா?”

அக்கா சாரைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “இல்லன்னுதான் சொன்னேன்.”

மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டார். “கேட்டீங்களா சாமி, அவ வாயாலயே சொல்றா! ஆறு வருசம் தவங் கெடந்த புள்ளைய, கேட்டதுக்கு இல்லன்னு சொல்லி கரண்டுல காட்டிட்டு வந்துருக்கா!”

மகப்பேறு டாக்டரம்மா வந்து பொறுமையாகச் சொன்னார். ஒரு படத்தால் பெரிதாக எதுவும் ஆகாது, இதற்காகக் கலைக்க வேண்டியதில்லை, பயப்படாமல் அடுத்த வெள்ளி செக்கப்புக்கு வரச் சொன்னார். மாமியார் கேட்டது ஒன்றுதான்: “ஆகாதுன்னா, வாசல்ல எதுக்குங்க அம்புட்டுப் பெரிய போர்டு வச்சிருக்கீங்க?” போர்டில் ‘கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும்’ என்று இருக்கிறது. டாக்டரம்மா அதற்கும் பதில் சொன்னார். மாமியார் காதில் ஏறவில்லை.

சார் எழுதினார்: ‘கேட்கப்பட்டது. நோயாளி இல்லை என்றார்.’ அதற்கு ஒரு நகல். மாமியார் அதை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்தார்.

நான் பொய் சொல்லவில்லை. கேட்டேன். இல்லை என்றார். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. வக்கீலுக்குப் படித்திருக்கலாம்.

ஜூன் 13, வெள்ளி

காலை ஜெ. அக்கா என்னை இருட்டறைப் பக்கம் கூட்டிப்போனார். நேற்றுச் சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போயிருக்கிறார். மாமியார் முன்னால் போக, பின்னால் நடந்த பாண்டியம்மா அக்கா அவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறார்.

“என்ன வார்த்தையிலடா கேட்ட?”

சொன்னேன்.

அக்கா இருட்டறைக் கதவைச் சாத்தினார். பிறகு, “தூரம்னா என்னன்னு தெரியுமாடா?”

“கிலோமீட்டருக்கா.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார். வீட்டுக்குத் தூரம் என்றால் மாதவிலக்கு. ஊர்ப்பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். தூரம் இல்லை, இரண்டு மாதமாக இல்லை என்றால், நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

“அந்தப் புள்ள ஒங்கிட்ட அப்பவே சொல்லிருச்சுடா. ‘அந்தத் தம்பி பச்சையாக் கேக்காம கௌரவமாக் கேட்டுச்சு, அதான் நானும் சொன்னேன்’னு எங்கிட்டச் சொல்லுது. சார் முன்னாடி, புருசன் முன்னாடி, அந்த வார்த்தைய எப்படிச் சொல்லும்? இல்லன்னுதான் சொன்னேன்னு நிக்கிது.”

எங்கள் வீட்டில் அப்பா, அண்ணன், நான். எனக்கு நாலு வயதில் அம்மா போய்விட்டார். அந்த வார்த்தை வந்து போக எங்கள் வீட்டில் வாசல் இல்லை. பள்ளிக்கூடத்தில் ‘பீரியட்ஸ்’ என்பார்கள். அதையும் பையன்கள் சிரித்துக்கொண்டுதான் சொல்வோம்.

அக்கா அப்போதே வீட்டுக்காரர் நம்பருக்குப் போன் போட்டார். மாமியார் எடுத்தார். “ஒங்க ஆளக் காப்பாத்த நீங்க ஆயிரம் சொல்லுவீங்கம்மா. சீட்டுல எழுதியிருக்குல்ல, இவ இல்லன்னான்னு.” வைத்துவிட்டார்.

“சீட்டு மாறணும்டா,” என்றார் அக்கா. “நீ எழுதிக் குடு. நடந்தத அப்படியே. அடுத்த வெள்ளி அவங்க வாரதுக்குள்ள. படம் எடுக்குறதுக்கு முன்னால படிவத்தப் பாக்காம ஒங்கள விட்டது என் தப்பு, அத நான் எழுதுறேன். ஒன்னோடத நீ எழுது.”

“எழுதுறேன்க்கா.”

ஜூன் 15, ஞாயிறு

எழுதவில்லை. தாடிக்கொம்பு வரை சைக்கிள். எதற்கு என்று தெரியவில்லை. கோயில் மூடியிருந்தது. திரும்பி வந்தேன்.

ரியாஸ்: “எழுதாத மாப்ள. எழுதுனா ஒன்னய வீட்டுக்கு அனுப்பிருவாங்க.”

வீட்டுக்குத் தூரம்தானே, பரவாயில்லை என்று வாய் வரை வந்தது. முழுங்கினேன்.

ஜூன் 17, செவ்வாய்

தேர்வுத் தாள் கொடுத்தார்கள். ‘பெண் நோயாளியிடம் கதிர்ப்படம் எடுக்கும் முன் கேட்க வேண்டியவை யாவை?’ பத்துக்கு ஒன்பது. ‘தனியாக, மரியாதையாக, அவருக்குப் புரியும் சொல்லில் கேட்க வேண்டும்’ என்று நானே எழுதியிருக்கிறேன். அந்த வரிக்கு அடியில் சிவப்பு மையில் கோடு. ‘நன்று.’

முன்மேசையில் இன்று சிரிப்பு இல்லை. ஒரு பெரியவர்: “என்னப்பு, பல்லு வலியா?”

ஐந்தாவது கேள்வி கேட்க வேண்டிய பெண்கள் ஏழு பேர். ஏழு பேரையும் ஜெ. அக்காவிடம் அனுப்பினேன்.

ஜூன் 19, வியாழன்

கடிதம்.

முதல் தாள்: ‘நோயாளி பேசிய வட்டார வழக்கு எனக்குப் புரியாத காரணத்தால்...’ கிழித்தேன். பழி அவர் மேல் போகிறது.

இரண்டாவது: ‘கவனக்குறைவால்...’ என்ன கவனம், என்ன குறைவு. கிழித்தேன்.

மூன்றாவது: ‘நான் கேட்கவில்லை. கேட்டதாகச் சொன்னேன். அவர் எதையும் மறைக்கவில்லை.’ மூன்று வரி. கீழே பெயர், வாலில் சுழி இல்லாமல்.

பையில் வைத்தாயிற்று. R இருந்த பை.

ஜூன் 20, வெள்ளி

அவர்கள் வரவில்லை.

எட்டு மணியிலிருந்து ஒன்றரை வரை. எரியோட்டுப் பஸ் வரும் ஒவ்வொரு தடவையும் வாசலுக்குப் போனேன். வெள்ளரிக்காய் விற்கும் அம்மா, “யாரத் தேடுற, பொண்ணு பாக்க வாராகளா?” என்றார்.

டாக்டரம்மா சீட்டைப் புரட்டி, “எரியோடு பாண்டியம்மா வரலையா?” என்று நர்ஸிடம் கேட்டார். போன் அணைத்திருந்தது.

கடிதத்தைக் கொடுக்கவில்லை. அவர்கள் வந்ததும் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

நினைப்பதில் நான் பத்துக்கு ஒன்பது.

ஜூன் 23, திங்கள்

வீட்டுக்காரர் மட்டும் வந்தார். படத்தின் அறிக்கை வேண்டுமாம். இடுப்பு வலியை வேறு இடத்தில் காட்டப் போகிறார்களாம்.

ஜெ. அக்கா கேட்டார்: “புள்ள எப்படி இருக்கு?”

“அது இல்லக்கா.”

அக்கா புரியாத மாதிரி நின்றார். வீட்டுக்காரரே சொன்னார்: “அம்மா ஒத்துக்கல. கொறையாப் பொறந்துட்டா யாரு பாக்குறதுன்னு. சொந்தக்காரங்க எல்லாரும் சேந்து சொன்னாங்க. வியாழக்கெழம வெளிய ஒரு எடத்துல காமிச்சு...” துண்டை உதறித் தோளில் போட்டார். “அவதான் வேணாம் வேணாம்னா. நீ பேசாத, இல்லன்னு சொன்னவதானன்னு அம்மா ஒரே சத்தம்.”

வியாழன். நான் மூன்றாவது தாள் எழுதிக்கொண்டிருந்த நாள்.

அறிக்கையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். “நன்றி தம்பி,” என்றார்.

மத்தியானம் டாக்டரம்மாவுக்குத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “படத்துல ஒண்ணும் ஆகியிருக்காது,” என்றார். “பயந்துட்டாங்க.”

படம். பயம். நடுவில் ஒரு எழுத்து. இதை நான் யோசிக்கவில்லை. தானாக வந்தது. இப்படி வருவதை எப்படி நிறுத்துவது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

மழை வரும் என்றார்கள். காற்றுதான்.

கடிதத்தைச் சாரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

“இத எப்ப எழுதுன?”

“வியாழக்கெழம சார்.”

“இன்னைக்கு என்ன கெழம?”

சொன்னேன். மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். “இனிமே இத வச்சு யாருக்கு என்ன. வரிசை நிக்கிது பாரு, போ. ஆள் பத்தல.”

அனுப்பிவிடுவார்கள் என்று பையைக் கட்டி வைத்திருந்தேன். அனுப்பவும் இல்லை.

ஜெ. அக்கா என்னிடம் பேசுகிறார். அதுதான் கஷ்டம். புதுச் சீட்டு ஒன்று எழுதி, சாரிடம் கையெழுத்து வாங்கி, எரியோட்டு முகவரிக்குத் தபாலில் போட்டிருக்கிறார். ‘நோயாளி மறைக்கவில்லை’ என்று. மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. பாண்டியம்மா அக்காவுக்கும் தெரியாதாம்.

9ஆம் தேதிக்குத் திருத்தங்கள். யாரும் படிக்கப் போவதில்லை, இருந்தாலும்.

‘ஒரு கட்டம் காலி இல்லை’: அன்று வரிசையில் பதினோரு பெண்கள். ஐந்தாவது கேள்வியை ஒருவரிடமும் கேட்கவில்லை. வாய் வரவில்லை, கூச்சம். பதினோரு ‘இல்லை’யையும் டீ குடித்துக்கொண்டே மொத்தமாகப் போட்டேன்.

‘எந்த வார்த்தைக்கும் இரண்டு அர்த்தம்’: அந்த வார்த்தைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்று.

‘வரிசையே சிரித்தது’: வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள், அவ்வளவுதான். சிரித்தது நான்.

‘அந்த அக்காவும் சிரித்தார்’: இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னது எனக்குப் புரிந்ததா என்று. பிறகு கேட்டார், இதை அன்று எழுதாமல் விட்டேன்: “அப்ப உள்ள போகலாமா தம்பி?”

நான், “போங்கக்கா. தூரமா என்ன, இந்தா கதவு.”