பிறபொருளெதிரி

டிசம்பர் 15, திங்கள்

விடிய விடிய மழை. மாட்டுக் கொட்டிலில் கணுக்கால் அளவு தண்ணீர். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வாய்க்கால் வெட்டி வீதிப் பக்கம் வடிய விட்டேன். முதுகு பிடித்துக்கொண்டது.

மழை விட்டதும் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு டொக்டர் பிள்ளை வந்தாள். பெயர் நித்தியா. ஊர் பெரியநீலாவணை, தகப்பன் கடற்றொழில். வளர்ப்பு மாடும் வளர்ப்பு மீனும் நோயோடு எப்படி மல்லுக்கட்டுகின்றன என்று ஆராய்ச்சியாம். மீனுக்கு எங்கே இரத்தம் எடுப்பது என்று கேட்டேன். வாலடியில். மாட்டுக்கும் அங்கே எடுக்கலாமாம். இது புதிது.

"ஹாஜியார், உங்கட மாடுகள்ல கொஞ்சம் இரத்தம் எடுக்கலாமா?"

நான் ஹஜ்ஜுக்குப் போகவில்லை. போகாதவனை அப்படிக் கூப்பிடுவது பிழை என்று திருத்தினேன். அதற்குப் பிறகு ஐயா.

என்னைத் தேடி வந்த காரணம்: லம்பி ஊசி போடாத மாடு வேண்டும். லம்பி என்றால் மாட்டின் தோலெல்லாம் கட்டி கட்டியாக எழும்புமே, அது. போன வருடம் அது பரவியபோது இந்தப் பக்கத்தில் ஊசியை மறுத்தவன் நான் ஒருவன்தான் என்று மிருக வைத்தியக் கந்தோரில் சொன்னார்களாம். எந்தச் சொல்லால் சொன்னார்கள் என்று கேட்டேன். சிரித்தாள்.

ஏன் மறுத்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். என் பசு சிவலையின் தாய் சினையாக இருந்தபோது கந்தோரிலிருந்து நாலு பேர் வந்தார்கள். காலிலும் வாயிலும் புண் வருமே, அந்தக் கால்-வாய் நோய்க்கு ஊசி. கயிறு போட்டு விழுத்திக் குத்திவிட்டுப் போனார்கள். அடுத்த இரண்டொரு நாளில் சினை கலைந்தது. மாடும் தேறவில்லை. கேட்டதற்கு அவர்கள் எழுதித் தந்த காரணம்: மாடு விழுந்ததால். பொய். என் வளவு மணல் தரை. அந்த மாடு ஒருநாளும் விழவில்லை.

இரத்தம் எடுக்கச் சம்மதித்தேன். இரண்டு நிபந்தனை. ஊசியால் வெளியே வரலாம், உள்ளே ஒன்றும் போகக் கூடாது. முடிவை எனக்குச் சொல்ல வேண்டும். ஓம் என்றாள். ஐந்து உருப்படியிலும் எடுத்தாள். கை சுத்தம்.

"இதுகளுக்கு லம்பி ஊசி ஒருக்காலும் போடல்லதானே ஐயா?"

இல்லை என்றேன். எழுதிக்கொண்டாள். என் மனைவி சபியா தேத்தண்ணியைக் கோப்பைக்குப் பதில் தட்டில் ஊற்றினாள். மனுசிக்கும் கண் ஒப்பரேசன் வேண்டும்.

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் வெயில். அஸருக்குப் பிறகு தூறல்.

உருண்டை இடித்தேன்: வேப்பிலை, மஞ்சள், உள்ளி, மிளகு, வெற்றிலை, கொஞ்சம் சக்கரை. என் மாடுகளுக்கு லம்பி வராததற்கு இதுதான் காரணம். சிவலை ஆசையாகத் தின்னும். அது போட்ட நாகு, இன்னும் சினைப்படாதது, துப்பும். குணம் தாயிடமிருந்து வரவில்லை.

ஒரு ரேடியோ திருத்தக் கொண்டுவந்தார்கள். என் ரேடியோக் கடை மூடி எவ்வளவு காலம். இன்னும் கொண்டுவருகிறார்கள்.

மகள் உயர்தரம் படித்தபோது வாங்கிய உயிரியல் புத்தகம் அலுமாரிக்கு மேல் கிடந்தது. தூசு தட்டி வாசிக்கிறேன். ரேடியோவும் இப்படித்தான் படித்தேன், ஒருவரும் சொல்லித் தரவில்லை.

பிறபொருளெதிரி. உடம்புக்குள் வெளியாள் ஒருவன் நுழைந்தால் அவனுக்கென்றே உடம்பு செய்து வைக்கிற சாமான். அவன் போன பிறகும் உடம்பு மறக்காது. அடுத்த தரம் வாசலிலேயே பிடிக்கும். நல்ல ஏற்பாடு.

சபியாவுக்கு வாசித்துக் காட்டினேன். மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"என்ன பேர் அது? இன்னொருக்காச் சொல்லுங்க."

"பிறபொருளெதிரி."

"அல்லாஹ்வே. ஒங்களுக்கு இப்பிடி ஒரு பேர் இரிக்கிது, இவ்வளவு காலமா எனக்குத் தெரியாமப் போச்சே."

ஜனவரி 8, வியாழன்

மூடாப்பு. மழை இல்லை. சிவலையின் வயிறு நன்றாக இறங்கிவிட்டது. இந்த மாதமே கன்று போடலாம்.

நித்தியாவிடமிருந்து போன். சிவலை, கறுப்பி, வெள்ளச்சி மூன்றிலும் லம்பிக்குரிய பிறபொருளெதிரி இருக்கிறது. நாகுக்கும் இளங்காளை நாம்பனுக்கும் இல்லை.

"என்ட மாட்டுக்கு லம்பி வரல்லையே பிள்ள."

"வெளியில தெரியாம வந்து போயிருக்கலாம் ஐயா. ஊசி போட்டாலும் இப்பிடித்தான் காட்டும். எதால வந்ததெண்டு இந்தச் சோதனை சொல்லாது. ஆனா நீங்க ஊசி போடல்ல எண்டிட்டீங்க. அதுதான் எனக்கு முக்கியம்."

உடனே விளங்கிவிட்டது. மூன்றும் உருண்டை தின்பவை. நாகு துப்புகிறது. நாம்பன் லம்பி பரவிய வருடம் முழுக்க வட்டை வயலில், கூட்டாளி ஆதம்லெப்பையின் மாடுகளோடு நின்றது, உருண்டையே காணாதது. தின்றதற்கு இருக்கிறது, தின்னாததற்கு இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? நோய் வந்திருக்கிறது, உருண்டை அதை வெளியே தெரியாமல் அடக்கியிருக்கிறது.

அவளிடம் சொன்னேன். யோசிக்க வேண்டிய விசயம்தான் என்றாள். எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

ஜனவரி 9, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி வாசலில் விளக்கமாகச் சொன்னேன். வழக்கமாக என்னைக் கண்டால் செருப்புத் தேடுகிறவர்கள்கூட நின்று கேட்டார்கள்.

ஆதம்லெப்பை மட்டும், "மச்சான், நீ மருந்து இடிக்கிறியா, மீன் ஆணத்துக்குக் கூட்டு இடிக்கிறியா?" என்றான். எல்லோரும் சிரிப்பு. பிறகு வீடு வரைக்கும் கூடவே வந்தான். அவனுடைய ஒரு மாட்டுக்குக் கழுத்திலும் தொடையிலும் கட்டி எழும்பியிருக்கிறதாம். லம்பி திரும்ப வந்துவிட்டது. கந்தோரில் இருந்து பத்தொன்பதாம் திகதி ஊசிக்கு வருகிறார்கள்.

"நானும் ஊசி வேணாம் எண்டு விடுறன் மச்சான். மத்த மாடுகளுக்கு ஒன்ட உருண்டையத் தா."

ஒரு சட்டி நிறையக் கொடுத்தேன். சபியா கதவடியில் நின்று பார்த்தாள். இரவு சாப்பாட்டில் உப்பு இல்லை.

ஜனவரி 10, சனி

சபியா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"இஞ்சப் பாருங்க. கோவிச்சாலும் பரவாயில்ல. ஒங்கட கண் ஒப்பரேசனுக்கு நீங்க கொழும்புல நிக்கக்குள்ள, சம்மாந்துறையில இரிந்து என்ட தம்பிட மருமகன் வந்தான். அவன் ஊசி போடுற உத்தியோகம்தானே. வளவுல நிண்ட மூணுக்கும் லம்பி ஊசி போட்டுட்டுப் போனான். நான்தான் வரச் சொன்னன்."

சிவலை அப்போது சினை என்றேன்.

"ஓம், சினைதான். கலைஞ்சதா? இந்தா நிக்கிது நாகு, வேலிய முறிச்சிக்கிட்டு."

நான் திரும்பி வந்தபோது சிவலையின் கழுத்தில் ஒரு வீக்கம் இருந்தது. ஞாபகம் இருக்கிறது. என்னவென்று கேட்டேன்.

"கயிறு உரசினது எண்டன். நீங்க ஒரு கண்ணாலதானே பாத்தீங்க."

இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை?

"ஒங்களோட ஆர் கதைக்கிற? இப்பயும் சொல்லியிரிக்க மாட்டன். அந்தப் பிள்ள பிழையா எழுதப் போகுது. ஆதம்லெப்பை காக்கா ஊசிய விடப் போறார். மறுகா அந்த மாடுகள் செத்தா ஆர் பதில் சொல்ற?"

ஜனவரி 11, ஞாயிறு

மழை இல்லை. வீட்டில் கதை இல்லை.

ஜனவரி 12, திங்கள்

கொட்டிலுக்குள் போய் நின்று நித்தியாவுக்குப் போன் எடுத்தேன். என் மாட்டைப் பற்றி ஒருமுறை பிழையாக எழுதினார்கள். அதே வேலையை நான் செய்ய முடியாது. நடந்ததைச் சொன்னேன். யார் போட்டது என்று சொல்லவில்லை, அது அவளுக்குத் தேவையில்லை.

"சொன்னதுக்குப் பெரிய நன்றி ஐயா. இல்லாட்டி என்ட வேலை முழுக்கப் பிழைச்சிருக்கும்."

"உருண்டை?"

"உருண்டை ஒண்டும் செய்யாது எண்டும் சொல்ல மாட்டன், செய்யும் எண்டும் சொல்ல மாட்டன். உங்கட மாட்டுல அது தெரிய வழியில்ல. ஆனா அத நம்பி ஊசிய விடாதீங்க. நாகுக்கும் நாம்பனுக்கும் கையில ஒண்டுமில்ல. சிவலைக்கும் இன்னொரு ஊசி நல்லம், போட்டது மங்கிப் போகும்."

மங்கிப் போகுமாம். புத்தகம் மறக்காது என்கிறது. இதையும் கேட்டேன். சில நோய்க்கு நெடுங்காலம் நிற்கும், சிலதுக்கு நிற்காது, இடைக்கிடை ஞாபகப்படுத்த வேண்டும் என்றாள்.

அப்போதுதான் சிவலையின் தாயின் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"எப்பிடிப் பிடிச்சவங்க ஐயா?"

"நாலு பேர், கயிறு போட்டு விழுத்தி."

"எத்தினை மாசச் சினை?"

"ஏழு."

"நான் பாக்கல்ல, அதால நிச்சயமாச் சொல்ல ஏலாது. வேற கிருமியாலயும் கலையும். ஆனா ஊசிய விட அந்த விழுத்தினதிலதான் எனக்குச் சந்தேகம். நிக்க வச்சே போடலாம். பக்கத்துக்கு ஒரு மரம் கட்டினாக் காணும்."

எத்தனையோ வருடமாக அவர்கள் எழுதித் தந்த கடதாசித் துண்டை வைத்திருக்கிறேன். "மாடு விழுந்ததால்." விழுந்ததால் அல்ல. விழுத்தியதால். ந் இருக்கிற இடத்தில் த் வர வேண்டும். மெல்லெழுத்தை எடுத்துவிட்டு வல்லெழுத்தைப் போட்டால் குற்றம் மாட்டிடமிருந்து ஆளிடம் போய்விடும். நான் சொன்னது சரி, அவர்கள் எழுதியது பொய். கந்தோருக்கு எழுத வேண்டும்.

மஃரிபுக்கு முன் ஆதம்லெப்பை வீடு. ஊசியை விடாதே என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பை எழுத மாட்டேன். சட்டியைத் திருப்பிக் கேட்டேன். உருண்டையைக் கோழி கொத்திவிட்டதாம்.

ஜனவரி 14, புதன்

நல்ல வெயில். தென்னங்குற்றி நாலு நட்டு, இரண்டு பக்கமும் குறுக்கு மரம் கட்டினேன். ஒரு மாடு மட்டும் நுழையலாம், திரும்ப முடியாது, விழவும் முடியாது. சபியா வந்து பார்த்தாள்.

"இது என்னத்துக்கு?"

"மாடு கட்ட."

"ஊசிக்கா?"

"மாடு கட்ட எண்டு சொன்னன்."

நான்கு நாளுக்குப் பிறகு கதைத்திருக்கிறோம். சாப்பாட்டில் உப்பு சரி.

ஆதம்லெப்பையின் மாடு படுத்துவிட்டது. தண்ணீர் மட்டும் குடிக்கிறது. போய்ப் பார்த்தேன். அவன் இன்று பகிடி விடவில்லை.

ஜனவரி 19, திங்கள்

இரவு லேசான தூறல். கந்தோரிலிருந்து இரண்டு பேர், இளம் ஆட்கள். கயிற்றோடு இறங்கினார்கள். கயிற்றை வாகனத்தில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். ஒருவன் மற்றவனிடம், "இவர்தான்டா அவர்" என்றான். கேட்டது. ஓம், நான்தான்.

நாகு, நாம்பன், கறுப்பி, வெள்ளச்சி. ஒவ்வொன்றாகக் குற்றிக்குள். கடைசியாகச் சிவலை. தலைக் கயிறு என் கையில், மற்றக் கை வயிற்றில். ஊசி ஏறும்போது உள்ளே கன்று ஒருதரம் உதைத்தது. சிவலை நின்றபடியே நின்றது.

குற்றிகளைப் படம் எடுத்தார்கள். ஆதம்லெப்பை வீட்டுக்கும் இதைக் கழற்றிக்கொண்டு போக வேண்டுமாம். கொடுத்தேன்.

அவர்கள் போனதும் எல்லாவற்றுக்கும் உருண்டை. நாகு துப்பியது. நித்தியாவுக்குப் போனில் சொன்னேன்: ஊசியும் போட்டது, உருண்டையும் கொடுத்தது, இரண்டையும் எழுது.

"ஐயா, அப்பிடியெண்டா எது வேலை செஞ்சதெண்டு நான் எப்பிடிச் சொல்ற?"

அது உன் வேலை என்றேன்.

ஜனவரி 21, புதன்

இரவெல்லாம் காற்று. சிவலைக்கு லேசான காய்ச்சல் போல, ஆனால் தின்கிறது. கன்று அசைகிறது. கந்தோருக்குக் கடிதம் பாதி எழுதியாயிற்று.

கழுத்தில் ஊசி போட்ட இடத்தில் புளியங்கொட்டை அளவு வீக்கம். சபியா தடவிப் பார்த்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "இது என்ன வீக்கம்?" என்றாள்.

கயிறு உரசினது என்றேன்.