ஒன்று பத்துக்கு நிமிர்ந்திருப்பவர்

8 செப்டம்பர் 2025, திங்கள்

காலையில் காபி டம்ளர் கைநழுவி விழுந்தது. ஒரே வாரத்தில் இரண்டாவது முறை. வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்தே கிடக்கின்றன. கோரிப்பாளையத்தில் பிசியோதெரபி மேடம் பட்டென்று சொல்லிவிட்டார்: "கழுத்து நரம்பு நசுங்குது சார். மூணு மாசம் பாப்போம். உக்கார்ற விதத்த மாத்தலேன்னா ஆபரேஷன்தான்."

நாள் முழுக்க இன்சூரன்ஸ் க்ளெய்ம் தட்டுகிறவனுக்குக் கை போனால் அப்புறம் என்ன இருக்கிறது? பயமாக இருக்கிறது. மனைவி பிரியம்வதாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

10 செப்டம்பர்

சிம்மக்கல் ஆபீசை மூடிவிட்டார்கள். இனி எல்லோருக்கும் வீட்டிலிருந்தே வேலை. ஆளுக்கொரு கம்ப்யூட்டரும் நாற்காலியும் வேனில் அனுப்பினார்கள். ஆனையூருக்கு, என் வீட்டுக்கு வந்தது கூட வேலை பார்த்த ஸ்ரீகுமார் அண்ணனுடையது.

மே மாதம், அதே நாற்காலியில்தான் அவர் உயிர் போனது. மாரடைப்பு.

ஆறடி மனிதர். எந்நேரமும் நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் தலை திருப்பாமல், "இந்த ஒண்ண முடிச்சிட்டு வாரேன் மாப்ள" என்பார். சரியாக இரண்டு நிமிடத்தில் வந்தும் விடுவார்.

கம்ப்யூட்டரில் ஒரு செயலி இருக்கிறது. காமிரா வழியாக நம்மைப் பார்த்துக்கொண்டே இருந்து, குனிந்தால் கண்டிக்கும். சாயங்காலம் அறிக்கை தரும். முதலில் உடல் அளவு எடுக்க வேண்டும் என்றது. "பிறகு" என்பதை அழுத்திவிட்டு வேலையைப் பார்த்தேன். முடிக்க வேண்டிய க்ளெய்ம் மலைபோல் கிடக்கிறது.

15 செப்டம்பர்

"நிமிர்ந்து உட்காருங்கள்." நிமிர்ந்தேன். "இன்னும் நிமிருங்கள்." இதைவிட எங்கே நிமிர்வது? என் உயரமே ஐந்தடி மூன்றங்குலம். நாற்காலியை ஏற்றினேன். கால் தரையில் எட்டவில்லை. அப்போதும் திரையில் சிவப்புதான். எனக்கு மாமியார் இல்லாத குறையை இந்தக் குரல் தீர்த்துவைக்கிறது.

பிரியம்வதா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏங்க, எதுக்கு கழுத்த அம்புட்டு நீட்டுறீங்க? பாக்கவே சங்கடமா இருக்கு" என்றாள்.

23 செப்டம்பர்

அறிக்கையில் இன்று ஒரு வேடிக்கை. நாள் முழுக்கச் சிவப்பு. மதியம் 1.10 முதல் 1.50 வரை மட்டும் பச்சை: "நேராக அமர்ந்திருந்தீர்கள்." அந்த நேரத்தில் நான் அடுக்களையில் வெண்டைக்காய் புளிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நாற்காலி முதுகில் என் சட்டை கிடந்தது. அதைப் பார்த்து ஏமாந்திருக்கும்.

24 செப்டம்பர்

சட்டையை எடுத்துவிட்டேன். 1.10 முதல் 1.50 வரை பச்சை.

1 அக்டோபர், ஆயுத பூஜை

அரிவாள்மனை, தையல் மெஷின், பைக், எல்லாவற்றுக்கும் பொட்டு. கம்ப்யூட்டருக்கு நானே வைத்தேன். திரையின் மேல் விளிம்பில், நட்டநடுவில், சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அப்பி, மேலே குங்குமம். இன்று அதைத் தொடக்கூடாது. எனக்கும் சேர்த்துத்தான் ஓய்வு.

2 அக்டோபர்

விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து ஒரே ஒரு க்ளெய்ம் தட்டினேன். மாமியார் வாயே திறக்கவில்லை.

6 அக்டோபர், திங்கள்

முழுப் பச்சை! ஒன்பது மணி நேரமும்! "ஒருமுறைகூடக் குனியவில்லை. மிகச் சிறப்பு." பிரியம்வதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு வழியாக உட்காரக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

ஆனால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. அவள்தான் போட்டுவிட்டாள்.

8 அக்டோபர்

 

காலையில் தூசி தட்ட வந்த பிரியம்வதா கேட்டாள்: "ஏங்க, காமிரா எங்க இருக்கு?"

சந்தனத்துக்குக் கீழே. காய்ந்து கல்லாகிப்போன சந்தனம். ஒரு வாரமாக அதற்குக் கண்ணே தெரிந்திருக்காது. அப்படியானால் அந்தப் பச்சை யாருக்கு? அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அன்று சந்தோஷத்தில் கவனிக்காத வரி ஒன்று கீழே இருந்தது: "எழுந்த முறை: பூஜ்யம்." நான் எத்தனை முறை எழுந்திருப்பேன்! தண்ணீருக்கு, பாத்ரூமுக்கு, சாப்பாட்டுக்கு...

ஆபீசில் இந்தக் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் ராஜஸ்ரீக்குப் போன் செய்தேன்.

"காமிராவ மூடுனா ரிப்போர்ட்டே வராதுண்ணே." அவள் கீபோர்டைத் தட்டுவது கேட்டது. பிறகு, "மொத நாள் அளவு எடுத்தீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப அதுல இருக்குறது ஸ்ரீகுமார் அண்ணன் அளவுண்ணே. இம்புட்டு நாளும் அவரு ஒசரத்துக்கு உங்கள இழுத்திருக்கு."

ஒரு மாதமாக இறந்தவரின் உடம்புக்குள் என் கழுத்தை நுழைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வலி ஏறாமல் என்ன செய்யும்?

போனை வைக்கும் முன் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, அவரு போன அன்னைக்கும் ரிப்போர்ட் இப்படித்தான் இருந்துச்சு. முழுப் பச்ச. எந்திரிச்சது பூஜ்யம்."

9 அக்டோபர்

எழுதித்தான் ஆகவேண்டும். அவர் போன அன்று மதியம் 1.10க்கு நான்தான் அவரைக் கூப்பிட்டேன், கதவருகில் நின்றே. "அண்ணே, சாப்பிட வாங்க." பதில் வரவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது, நேராக. வழக்கம்போல் ஒண்ண முடிச்சிட்டு இரண்டு நிமிடத்தில் வருவார் என்று நினைத்துப் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். 1.50க்குத் திரும்பி வந்து என் இடத்தில் வேலையைத் தொடர்ந்தேன். சாயங்காலம் விளக்கணைக்க வந்தவர்தான் அவர் தோளைத் தொட்டார்.

நாலடி எடுத்து வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும் எனக்கு? நாலே நாலு அடி.

13 அக்டோபர்

சந்தனத்தைச் சுரண்டிவிட்டு என் அளவு எடுத்தாயிற்று. நாற்காலியை இறக்கினேன். பாதம் தரையில் பதிகிறது. திரை கண்மட்டத்துக்கு வந்துவிட்டது. முழங்கை மேசையில் படிகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, சன்னல் வழியாக எதிர்வீட்டு முருங்கையைப் பார்க்கிறேன். அறிக்கை இப்போது என்னுடையது, சிவப்பும் பச்சையும் கலந்து.

1.10 முதல் 1.50 வரை மட்டும் என்னுடையது இல்லை.

3 நவம்பர்

பொத்தானை நானே போட்டேன். ஆபரேஷன் வேண்டியிருக்காது என்கிறார் மேடம்.

1.10 முதல் 1.50 வரை பச்சை. ராஜஸ்ரீயிடம் சொல்லவில்லை. செயலியிலிருந்து அண்ணன் பெயரை அழித்துவிடலாம் என்பாள். எனக்கு மனசு வரவில்லை.

10 நவம்பர், திங்கள்

இன்று 1.10க்கு எழுந்தேன். கதவு வரை போனவன் திரும்பி வந்தேன். நாலடிதான். நாற்காலியின் தோள்பட்டையில் கை வைத்தேன். காலையிலிருந்து நான் சாய்ந்திருந்தும் அது சில்லென்று இருந்தது. கையை எடுக்கவில்லை.

"அண்ணே, எந்திரிங்க. சாப்பிடப் போவோம்."

அடுக்களையிலிருந்து பிரியம்வதா, "யாருகிட்ட பேசுறீங்க?" என்றாள். சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு கூட வைக்கச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்தாள்.

சாயங்காலம் அறிக்கை பார்த்தேன். முதல் தடவையாக: "இருக்கை காலி."

1.10லிருந்து அல்ல. 1.12லிருந்து.