இருபது தப்பு

பிப்ரவரி 3, செவ்வாய்

மகளுக்கு மறுபடியும் வயிற்றுவலி. பள்ளிக்கூட பஸ் வரும் நேரத்துக்குச் சரியாக வந்து, பஸ் போனதும் போய்விடுகிற வயிற்றுவலி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷமாக ஊசி பிடிக்கிறவள் நான். என்னிடமேவா?

மிளகு என்று பெயர் வைத்தது அவள் அப்பா. ஏழு வயசுக்கு ஆள் அவ்வளவுதான், காரம் ஜாஸ்தி. துருவித் துருவிக் கேட்டதில் சொன்னாள்: "கணக்கை முடிச்சதும் மிஸ் கை கட்டி உக்காரச் சொல்றாங்க. எல்லாரும் முடிக்கிற வரைக்கும்."

எவ்வளவு நேரம்?

"நேத்து முப்பத்தாறு நிமிஷம்."

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கை கட்டி உட்கார்ந்திருக்கிறது என் பிள்ளை. சீக்கிரம் முடித்தது குற்றமாம்.

பிப்ரவரி 5, வியாழன்

வகுப்பு ஆசிரியையைப் பார்த்தேன். இரண்டாம் வகுப்பிலேயே இருக்கட்டும், கணக்குக்கு மட்டும் நான்காம் வகுப்பில் உட்கார வைக்க முடியுமா என்று கேட்டேன். சிரித்தார்.

"எல்லா அம்மாவுக்கும் அவங்க பிள்ளை மேதைதான். நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதிலைச் சொல்லிடறா, மத்த பிள்ளைங்க முகம் தொங்கிப் போகுது. கொஞ்சம் சொல்லி வைங்க."

திங்கட்கிழமை ஒரு தேர்வு, நாற்பது கேள்வி. முப்பத்தாறு எடுத்தால் யோசிப்பார்களாம். ஊதித் தள்ளிவிடுவாள்.

வீட்டுக்கு வரும்போது கால் விண்விண்ணென்று வலி. செருப்பைக் கழற்றுவதற்குள் மிளகு, "அம்மா, காலண்டர்ல நேத்து தேதியே இருக்கு, நீ கிழிக்கல" என்றாள். அவ்வளவுதான், ஆசிரியை மேல் இருந்த கோபமெல்லாம் அவள் தலையில் விடிந்தது. "எல்லாத்துக்கும் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால வந்து நிக்காதே! மத்த பிள்ளைங்க எப்படி எழுதறாங்களோ அப்படி எழுதக் கத்துக்கோ!"

சரி என்றாள். எப்போதும் நாலு கேள்வி கேட்கிறவள், உடனே சரி என்றாள்.

பிப்ரவரி 9, திங்கள்

தேர்வு எப்படி என்று கேட்டதற்கு, "நீ சொன்ன மாதிரியே எழுதினேன்மா" என்றாள். தங்கம்.

பிப்ரவரி 13, வெள்ளி

இருபது. நாற்பதுக்கு இருபது.

தலைமையாசிரியை என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "சராசரின்னா கெட்ட வார்த்தை இல்லம்மா. உங்க ஆசையைக் குழந்தை தலையில ஏத்தாதீங்க." விடைத்தாளைக் கேட்டேன். வெளியே தருவதில்லையாம். என் ஆசையாமே! யாருக்கு வேண்டும் ஆசை? பிள்ளை காலையில் வயிற்றைப் பிடிக்காமல் பஸ் ஏறினால் போதாதா?

வீட்டில் இவரோ, "விடேன், படிக்கிற பிள்ளை எங்க இருந்தாலும் படிக்கும்" என்கிறார். லிப்ட் மெக்கானிக். ஒன்பதாவது மாடிக்குப் போக வேண்டிய லிப்ட் இரண்டிலேயே நின்றால் இப்படித்தான் விட்டுவிடுவீர்களா என்று கேட்டேன்.

பிப்ரவரி 14, சனி

நூலகத்தின் பின்னறையில், வேகமாகக் கற்கும் குழந்தைகளின் பெற்றோர் குழு. பீற்றிக்கொள்ளும் கூட்டமாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். ஒன்பது பேர். ஒருவர் முகத்திலும் பெருமை இல்லை, எல்லாம் தூக்கம் கெட்ட முகங்கள். ஒருத்தி பிள்ளை மேஜைக்கு அடியில் ஒளிகிறதாம். இன்னொருத்தி பிள்ளை பேச்சையே நிறுத்திவிட்டதாம். அப்பாடா, எனக்குப் பைத்தியம் இல்லை!

குழுவை நடத்துகிறவர் ஒரு லாரி டிரைவர். நான் பொரிந்து தள்ளியதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க வாயால கேட்டீங்க, அவங்க வாயால இல்லன்னாங்க. காத்தோட போச்சு. எழுதிக் கேளுங்க. தேதி போடுங்க, வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து வாங்குங்க. கோபத்தை மட்டும் வீட்ல வச்சிட்டுப் போங்க. நீங்க கத்தினா பேச்சு உங்களைப் பத்தி ஆயிடும். பிள்ளையைப் பத்தி இருக்கணும்."

வீட்டுக்கு வந்து கடிதம் எழுதினேன். இவர் படித்துவிட்டு, "இதைக் கொடுத்தா போலீஸ் வரும்" என்றார். நாலாவது தடவை எழுதியதில் மூன்று வரிதான் மிஞ்சியது.

பிப்ரவரி 20, வெள்ளி

மூன்று வரிக்கு வேலை நடந்தது. விடைத்தாள் நகல் கையில். சாப்பாட்டு நேரத்தில் பரிசோதனைக் கூடத்திலேயே பிரித்துப் பார்த்தேன்.

ஏழும் எட்டும் பதினாறு. ஒன்பதும் நான்கும் பதினான்கு. ஆனால் கடைசிப் பக்கத்தில் இருக்கிற கஷ்டமான கணக்கெல்லாம் அச்சு அசலாகச் சரி. இருபது தப்பையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாமே சரியான விடையைவிட ஒன்று கூட. ஒன்றே ஒன்று. இரண்டு கூட என்று ஒன்றுகூடக் கிடையாது.

தினமும் காலையில் என் முதல் வேலை, அளவு தெரிந்த திரவத்தை மெஷினில் விட்டுப் பார்ப்பது. மெஷின் கெட்டிருந்தால் எண் தாறுமாறாக வரும். எல்லாம் ஒரே அளவு தள்ளி வந்தால் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, யாரோ அதைத் திருகியிருக்கிறார்கள். யார் திருகியது? அந்த ஆசிரியைதான் மிரட்டியிருக்கிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

மிளகு என்னை விநோதமாகப் பார்த்தாள். "நீதானேம்மா சொன்னே, மத்தவங்க மாதிரி எழுதுன்னு? என் பக்கத்துல உக்கார்றவளுக்கு எப்பவும் பாதிதான் சரியா வரும். அதான் இருபது."

ஒன்று கூட்டினது ஏன்?

"அப்பதான் எத்தனை தப்பு போட்டேன்னு பார்த்து எண்ண முடியும்." அப்புறம் மெதுவாக, "ஏம்மா, தப்பு கூடிப்போச்சா?"

திருகினது நான். நான்தான். ஊரையெல்லாம் திட்டினேனே, என்னை யாரு திட்டறது? என்னையே ஓங்கி அறையணும் போல இருந்துச்சு.

பிப்ரவரி 23, திங்கள்

பள்ளிக்கு அந்த லாரி டிரைவரும் என்னோடு வந்தார். பேசவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் குறித்துக்கொண்டார். அவர் பேனா எழுதுவதைப் பார்த்தே தலைமையாசிரியை என்னை உட்காரச் சொல்லிவிட்டார்.

தாளை வைத்தேன். மிளகிடம் நான் கத்தியதையும் சொன்னேன், அவர்கள் முன்னால், கூசக் கூச. "தப்பு என் மேலயும் இருக்கு. நான் சொன்னதைத்தான் அவ செஞ்சா."

வகுப்பு ஆசிரியை விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதியில் நின்றுவிட்டார். "நான்தான் திருத்தினேன். கவனிக்கவே இல்ல."

"ஏழு வயசுக் குழந்தை இப்படிச் செய்வாளா?" என்றார் தலைமையாசிரியை.

"சராசரியை இவ்வளவு கச்சிதமா வேற யாரால எழுத முடியும்?" என்றேன் நான்.

நான்காம் வகுப்புக் கணக்கு, ஒரு மாதம், பார்ப்போம் என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன். கத்தாமல்தான் சொன்னேன். நகம் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

மிளகிடம் அன்று சொன்னதை மறந்துவிடு என்றேன். "அப்ப முந்திரிக்கொட்டை?" என்றாள். முந்திரிக்கொட்டையாகவே இரு தாயே.

மார்ச் 4, புதன்

நான்காம் வகுப்பு நோட்டு. பத்தில் இரண்டு தப்பு. இரண்டும் ஒன்று கூட.

இன்னும் என் பேச்சை அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 11, புதன்

ஒரு தப்பு. ஒன்று கூட. நோட்டை மூடி அவள் பையிலேயே வைத்தேன்.

மார்ச் 19, வியாழன்

சாயங்காலம் பென்சில் சுவரில் போய் விழுந்தது. "எனக்கு வரல! இந்தக் கணக்கே பைத்தியம்!" ரப்பர் போட்டுத் தேய்த்ததில் தாளில் ஓட்டை. கத்தல் அப்படியே என்னுடையது, வாடகைக்கு வாங்கியது மாதிரி.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று தப்பு. ஒன்று ஆறு குறைவு. ஒன்று நாற்பது அதிகம். மூன்றாவது பாதியிலேயே நிற்கிறது. மறுபடி பார்த்தேன், ஒரு ஒழுங்கும் இல்லை. எல்லாம் தெரியாமல் போட்ட தப்பு.

"பிள்ளை அழுவுது, நீ என்ன சிரிக்கிறே?" என்று இவர் கேட்டார்.

மிளகு மூக்கைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் பிடுங்கினாள். "நாளைக்கு என்னைச் சீக்கிரம் எழுப்பு. பஸ் வந்ததும் முதல்ல ஏறணும், மிஸ்ஸைக் கேக்கணும்."