சாமை மூட்டைக்குப் பின்னால் கறுப்புக் கவர்

கார்த்திகை 6, வெள்ளி

பனி. எதிர்மலை தெரியவில்லை.

வெட்கக்கேடு, இருந்தாலும் எழுதுகிறேன். சொந்த வீட்டில் திருடன் மாதிரி குந்திக்கொண்டு, சாமை மூட்டைக்குப் பின்னால் இருந்த கறுப்புக் கவரை மோந்து பார்த்தேன். உள்ளே பேப்பர் சுற்றிய பொட்டலம். எங்கள் மலையில் அப்படி ஒளித்து வைத்தால் அது சரக்குதான். ஆனால் சாராய வாடை இல்லை. பவுடர் வாசனை. புது மாதிரி சரக்கோ?

என் பெண்டாட்டி பொன்னி போட்ட முடிச்சு. அவிழ்த்தால் அதே மாதிரி போட வராது. விட்டுவிட்டேன்.

மச்சான் முருகேசன் மேல் சந்தேகம். பொன்னியின் தம்பி. கள்ளக்குறிச்சிக்கு அடிக்கடி போய் வருகிறான். அக்கா வீட்டில் ஒளித்தால் போலீஸ் என்னைத்தானே பிடிக்கும்?

சனி

மரவள்ளிக்குக் களை. இடுப்பு வலி. பீடி தீர்ந்தது.

மகள் காவியா தீபத்து லீவுக்கு ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறாள். பத்தாவது. அவளும் அம்மாவும் அடுப்படியில் குசுகுசு. நான் போனதும் கப்சிப்.

"இன்னா பேசிக்கினு இருந்தீங்க?"

"சாமை வெலை."

சாமை விலையைக் குசுகுசுவென்று பேசுவார்களா?

காவியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். "இன்னாடி, வவுத்துல ஆனைக்குட்டியா?" என்றேன். எப்போதும் எனக்கு மேலே ஒன்று சொல்லிச் சிரிப்பவள். இன்று அழுதாள். சரியில்லை. எதுவும் சரியில்லை.

ஞாயிறு

தூறல். கோழி ஒன்றைக் காணோம். கீரிப்பிள்ளையா மச்சானா தெரியவில்லை.

கச்சிராயபாளையத்திலிருந்து அக்கா போன்.

"டேய், உன் பொண்ணு இன்னும் வயசுக்கு வரலியா?"

"வந்தா மைக் வெச்சி சொல்றேன் அக்கா."

"வெளையாடாத. எம்புள்ள எம்மா நாளு காத்துக்கினு இருப்பான்? சடங்கோட சேத்துப் பாக்கு மாத்தி நிச்சயம் பண்ணிக்கலாம். படிச்சது போதும்."

சிரித்து வைத்தேன். திரும்பினால் பொன்னி நிற்கிறாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கள்

வெயில். பொன்னி தண்ணீருக்குப் போன நேரம், முடிச்சை அவிழ்த்துவிட்டேன்.

சரக்கு இல்லை. நாப்கின்.

பொன்னி குடத்தோடு வந்து நின்றாள். கத்துவாள் என்று பார்த்தேன். குடத்தைக்கூட சத்தமில்லாமல் இறக்கினாள்.

"எப்பலேர்ந்து?"

"போன மாசம். ஹாஸ்டல்ல. இன்னமோ நோவுன்னு பயந்து, பகல் பூரா கக்கூஸ்லயே குந்திக்கினு இருந்துச்சாம் புள்ள. யாரும் முன்னாடியே சொல்லி வெக்கல. நானும்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த?"

"உங்க வாயி ரேடியோ. உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா மறுநாளே சடங்கு, பாக்கு. எம்பொண்ணு பரீட்சை எழுதணும்."

பச்சை ஓலை வெட்டிக் குச்சு கட்டி, பெண்ணைத் தனியாக உட்காரவைப்பது தாய்மாமன் வேலை. அதனால் முருகேசனிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். "பரீட்சை முடியட்டும், அப்பறம் ஓலை வெட்றேன்" என்றானாம். மலைக்கடையில் வாங்கினால் ஊருக்கே தெரியும் என்று கள்ளக்குறிச்சியில் வாங்கி வந்து தருகிறான். அவனைத்தான் சாராயக்காரன் ஆக்கினேன். கோழியும் அவன் இல்லை போல.

ஹாஸ்டலுக்கு வந்த நர்சம்மா சொன்னதாகப் பொன்னி சொன்னது: இது நோய் இல்லை. நாளைக்கு மூன்று நான்கு முறை மாற்றணும். துணி என்றால் இருட்டில் ஒளித்துக் காயப்போடக் கூடாது, நல்ல வெயில் வேண்டும். முட்டை, முருங்கைக்கீரை. குளிக்கலாம், பள்ளிக்கூடம் போகலாம், விளையாடலாம். வலி கொஞ்சம் இருக்கும். ரொம்பப் போனால் ஆஸ்பத்திரி.

அப்பனுக்கு என்ன வேலை என்று கேட்டேன். "வாய மூடிக்கினு இருங்க, போதும்."

வெந்நீர் வைத்து பாட்டிலில் ஊற்றி, வயிற்றில் வைத்துக்கொள்ளக் கொடுத்தேன். "ஆனைக்குட்டி குளிக்கட்டும்" என்றேன். வாய் நிற்கவில்லை. காவியா சிரித்தாள். அப்புறம், "அத்தைகிட்ட சொல்லிடுவியா ப்பா?" என்றாள்.

"மாட்டேன்."

நம்பினாளா தெரியவில்லை.

புதன்

மச்சான் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டான். காவியா ஹாஸ்டலுக்கு எடுத்துப் போக வேண்டும். நானே கள்ளக்குறிச்சி போனேன். உப்பு, பீடி, நாப்கின். கடைக்காரர் கேட்காமலே பேப்பர் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டார். எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது.

மலை அடிவாரத்தில் பஸ்ஸை நிறுத்தி போலீஸ் சோதனை. நேராக என்னிடம்.

"இன்னாய்யா கவர்ல?"

"மருந்துங்க."

மோந்து பார்த்தார், என்னை மாதிரியே. பிரித்தார். மொத்த பஸ்ஸும் எட்டிப் பார்த்தது. அவர் முகம் சுருங்கி, உடனே திருப்பிக் கொடுத்தார்.

முன் சீட்டில் அக்கா. கச்சிராயபாளையத்தில் ஏறியிருக்கிறாள், கவனிக்கவில்லை. எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாள்.

"டேய். அது யாருக்குடா?"

"எனக்குத்தான் அக்கா. மூலம். ரத்தம் போவுது."

ரொம்ப சத்தமாகச் சொல்லிவிட்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

அக்கா கண் கலங்கிவிட்டாள். சடங்கு, பாக்கு பேச்சே எடுக்கவில்லை. எங்கள் நிறுத்தத்தில் இறங்குவதற்குள் நாலு பேர் வைத்தியம் சொன்னார்கள். நாலும் கருணைக்கிழங்கு.

சாயங்காலம் அக்காவே கருணைக்கிழங்கு வேகவைத்தாள். காவியா தட்டில் எடுத்து வந்து என் முன்னால் வைத்து, "ஆனைக்கு" என்றாள். அக்கா எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சாப்பிட வைத்தாள். புளி போடவில்லை. சரியாக வேகவும் இல்லை.

தொண்டை அரிக்கிறது. நாக்கு வீங்கிப் பேச வரவில்லை.